எட்டு டிகிரிச் சரிவும் ஒரு தேங்காய் நார் மிதியடியும்

இந்த வீட்டை வாங்கியபோது கையில் கொடுத்த விளம்பரத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். வழவழப்பான தாள், நான்கு வண்ண அச்சு. கண்ணுக்கெட்டிய தூரம் பள்ளத்தாக்குக் காட்சி, நாள் முழுவதும் வடக்கு வெயில், வேலிக்கு அப்பால் பசுமையான காடு என்று மூன்று வரிகள். சென்ற மாதம் இன்னொரு தாள் வந்தது, காட்டுத்தீ மதிப்பீட்டு அறிக்கை. சாதாரண வெள்ளைக் காகிதம், பதினான்கு பக்கம். அதிலும் அதே காட்சியும் அதே காடும் இருக்கின்றன. பெயர்தான் வேறு. 'கீழ்நோக்கிய சரிவு, 8 டிகிரி. தாவரம்: ஏ பிரிவு, வனம். தொலைவு: 36 மீட்டர்.'

முதல் தாளை நம்பி நாங்கள் வாங்கிய கடன் எவ்வளவு என்பது அத்தைக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

நாங்கள் இருப்பது மெல்பர்ன் நகரத்துக்குக் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், டாண்டினாங் மலைகளை ஒட்டிய காக்கட்டூ என்னும் சிற்றூர். காக்கட்டூ என்றால் கொண்டை வைத்த பெரிய வெள்ளைக் கிளி. வந்த முதல் வாரத்திலேயே அத்தை ஊர்ப்பெயரைக் கிளியூர் என்று மாற்றிவிட்டார். போடியில் இருக்கும் நாத்தனாரிடம் தொலைபேசியில் பேசும்போது, "கிளியூரில் குளிர் தாங்கவில்லை" என்பார். அவர்களும் ஆஸ்திரேலியாவில் அப்படி ஓர் ஊர் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

மாமா தவறிய பிறகு அத்தையை இங்கே அழைத்து வந்தோம். அவருக்கென்று வீட்டின் பின்பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஓர் அறை, குளியலறை, சிறிய சமையல் மேடை உள்ள தனி வீடு ஒன்று கட்டிக் கொடுப்பது என் கணவரின் ஆசை. "பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தே வாழ்ந்தவர், இங்கேயும் மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்" என்றார். நல்ல மகன். ஆனால் இந்தப் பகுதி முழுவதும் காட்டுத்தீ அபாயப் பகுதி என்று அரசு வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறது. இங்கே புதிதாக எதைக் கட்டினாலும், அந்த இடத்தில் தீ எவ்வளவு கடுமையாகத் தாக்கும் என்று மதிப்பிட்டு ஓர் எண் வாங்க வேண்டும். பி.ஏ.எல். என்பார்கள். காட்டுத்தீத் தாக்கு நிலை என்று சொல்லலாம். ஆறு படிகள்: 'குறைவு' என்று ஒன்று, பிறகு 12.5, 19, 29, 40, கடைசியில் தீநாக்கே கட்டடத்தைத் தொடும் 'ஃபிளேம் ஜோன்'.

இந்த எண்களைப் பார்த்ததும் மதிப்பெண் என்று நினைத்தேன். அவை வெப்பத்தின் அளவு. ஒரு சதுர மீட்டர் சுவரின்மேல் எத்தனை கிலோவாட் வெப்பம் வந்து விழும் என்ற கணக்கு. உச்சி வெயில் நம் மேல் விழுவது சுமார் ஒரு கிலோவாட். 12.5 வந்தால் சாதாரணக் கண்ணாடி உடையலாம்; பொறியும் கூட இருந்தால் சில மரங்கள் பற்றிக்கொள்ளும். 29ஐத் தாண்டினால் பொறியே தேவையில்லை, பெரும்பாலான மரங்கள் சில நிமிடங்களில் தாமாகவே எரியத் தொடங்கும். பங்குனி வெயிலில் போடி பேருந்து நிலையத்தில் நிற்பதை நாற்பதால் பெருக்கிப் பாருங்கள் என்று கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மதிப்பீட்டுக்கு வந்தவர் முப்பது வயதுக்குள் இருப்பார். முழங்கால் வரை காலணி, கழுத்தில் தொலைவு அளக்கும் லேசர் கருவி, கையில் சாய்வுமானி. வீட்டை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. நேரே வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கிவிட்டார். எனக்குக் குழப்பம். வீட்டைத்தானே மதிப்பிட வந்தார்? அரை மணி கழித்து மேலே வந்து விளக்கினார். வீடு நிற்கும் தரையின் சரிவைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. காடு நிற்கும் தரையின் சரிவுதான் கணக்கு. நெருப்பு மேலே ஏறும்போது தன் முன்னால் இருக்கும் செடிகொடிகளைத் தானே வாட்டிக் காயவைத்துக்கொண்டே ஏறுகிறது. ஏற்றம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் அதன் வேகம் இரண்டு மடங்காகும்.

இதை அவர் சொன்னபோது எனக்குக் குரங்கணி நினைவு வந்தது. என் கணவரின் ஊரிலிருந்து பார்த்தால் தெரியும் மலை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. மலையேறப் போன இளைஞர்களைக் காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ சுற்றி வளைத்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று இரவு நாங்கள் இங்கிருந்து தொலைபேசியில் ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். 'ஓடித் தப்பித்திருக்கலாமே' என்று மறுநாள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டதற்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. சரிவின் மேல் நிற்பவன் ஓடுகிற திசையில்தான் நெருப்பும் ஓடுகிறது. அவனுக்கு மூச்சு வாங்கும், நெருப்புக்கு வாங்காது.

இனி அட்டவணை. ஆஸ்திரேலியக் கட்டடத் தரவிதி ஏ.எஸ். 3959 என்பதில் இருக்கிறது. நான் கணக்குப் பார்ப்பவள். ஓர் அட்டவணையைப் பார்த்தால் அதற்குள் விரலை விட்டுத் துழாவாமல் தூக்கம் வராது. காட்டிலிருந்து 36 மீட்டர் தொலைவில், காடு சமதரையில் இருந்தால் எண் 19. காடு வீட்டுக்கு மேல்பக்கம் இருந்தாலும் அதே 19தான். அதே 36 மீட்டர், அதே மரம், ஆனால் காடு 5 முதல் 10 டிகிரிக்குள் கீழே சரிந்திருந்தால் எண் 40. அதாவது விளம்பரத் தாளில் 'காட்சி' என்று எழுதியிருந்ததற்கு இந்தத் தாளில் விலை போட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்கு இரும்பு ஷட்டர், எரியாத பொருளில் தளம், விசேஷக் கதவு என்று அத்தையின் சிறு வீட்டுக்கு ஆகும் செலவில் போடியில் ஒரு மாடி வீடு கட்டலாம்.

"இடத்தை மாற்ற முடியுமா?" என்று கேட்டேன். அவர் லேசர் கருவியை எடுத்துக்கொண்டு முன்பக்கம், சாலை ஓரம் போய் நின்றார். காட்டின் விளிம்பிலிருந்து 55 மீட்டர். அட்டவணையில் 53ஐத் தாண்டினால் எண் 19க்கு இறங்குகிறது. பத்தொன்பது மீட்டர் நகர்ந்ததில் இரண்டு படி.

அன்று மாலை அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று என் கணவர் தவித்துக்கொண்டிருந்தார். மலையைப் பார்க்கும் வீடு இல்லை, சாலையைப் பார்க்கும் வீடுதான் என்று ஒருவழியாகச் சொன்னார். அத்தை பாத்திரம் துலக்குவதை நிறுத்தவில்லை. "மலையைத்தான் அறுபத்தெட்டு வருஷம் பார்த்தாயிற்றே. ரோட்டுப் பக்கம் என்றால் போகிற வருகிற ஆட்களையாவது பார்க்கலாம்" என்றார். பின்பக்க வரைபடத்துக்காக நாங்கள் செலவழித்த இரண்டு மாதம் வீண். முதலிலேயே அவரைக் கேட்டிருக்கலாம்.

எண் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிடுவேன் போலிருந்தது. அப்படி இருக்கவிடாதவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எண்பது வயதைத் தாண்டியவர். இந்த விக்டோரியா மாநிலத்தில் கிராமப்புறத் தீயணைப்பைப் பார்த்துக்கொள்ளும் சி.எஃப்.ஏ. அமைப்பில் நாற்பது வருடம் தொண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அமைப்பில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள்தான். குழாய் வேலை செய்பவர், பள்ளி ஆசிரியை, பால் பண்ணைக்காரர். அறிக்கையைக் காட்டினேன். கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "இது உன் சுவரைப் பற்றிச் சொல்கிறது. வா, நெருப்பைப் பற்றி நான் சொல்கிறேன்" என்று என்னைக் காட்டுக்குள் அழைத்துப் போனார்.

மெஸ்மேட் என்னும் யூகலிப்டஸ் மரம். அதன் பட்டை நம் ஊர்த் தைல மரம்போல வழவழப்பாக இருக்காது. உரித்த தேங்காய் மட்டையை மரம் முழுக்கச் சுற்றி வைத்ததுபோல நார்நாராக இருக்கும். என் உள்ளங்கையைப் பட்டையின்மேல் வைத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கையைத் திருப்பிப் பார்த்தார். பழுப்புத் தூள் மட்டுமே ஒட்டியிருந்தது. கரி இல்லை. "கரி ஒட்டினால் நல்லது" என்றார். கரி இருந்தால் அந்தப் பட்டை சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை எரிந்து மெலிந்திருக்கிறது என்று பொருள். கரியே இல்லாத தடித்த நார்ப் பட்டை என்றால் அடுத்த தீயில் அது துண்டு துண்டாகப் பிய்ந்து, எரிந்துகொண்டே காற்றில் பறக்கும். இப்படி எரிந்தபடி பறந்த மரப்பட்டைகள், 2009 பிப்ரவரி 7 அன்று, தீ முனையிலிருந்து 30 கிலோமீட்டருக்கு அப்பால்கூடப் போய் விழுந்து புதுத் தீ மூட்டியிருக்கின்றன. கறுப்புச் சனிக்கிழமை என்று இங்கே அந்த நாளைச் சொல்கிறார்கள். மெல்பர்னில் வெயில் 46.4 டிகிரி. இந்த மாநிலத்தில் 173 பேர் இறந்தார்கள். அவர்களில் 113 பேர் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள்.

பிறகு குனிந்து தரையில் விரலை ஊன்றினார். சருகு, குச்சி, பட்டை எல்லாம் சேர்ந்த மெத்தை. இரண்டாவது விரல்கணு வரை உள்ளே போயிற்று. அதற்கு மேலே முழங்கால் உயரத்துக்குக் காய்ந்த புல்லும் பெரணியும். அதற்கு மேலே இடுப்பளவு, தோளளவுப் புதர். பிறகு பட்டை. தரையில் ஊரும் நெருப்பு இந்த நான்கு படிகளில் ஏறித்தான் மர உச்சிக்குப் போகிறதாம். ஒரு படியை எடுத்துவிட்டாலும் ஏறுவதற்குத் திணறும். சாய்வுமானிக்காரர் இந்தக் காட்டை 'வனம்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அது அவர் குற்றமில்லை. தரவிதி அவ்வளவுதான் கேட்கிறது. இன்றைக்குச் சருகு எவ்வளவு, சென்ற வருடம் எவ்வளவு என்று அது கேட்பதில்லை.

வடக்கு வெயிலையும் அவரே விளக்கினார். இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும். வடக்கைப் பார்த்த சரிவு நாள் முழுக்கக் காய்கிறது. இங்கே கோடையில் நெருப்பைக் கொண்டுவருவதும் உள்நாட்டுப் பாலைவனத்திலிருந்து வீசும் அதே வடக்குக் காற்றுதான். விளம்பரத் தாளின் மூன்று வரிகளும் முடிந்தன.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அத்தை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இங்கு வந்த நாளிலிருந்து அத்தை தினமும் காலையில் வீட்டைச் சுற்றிப் பெருக்குவார். முன்வாசல், பக்கவாட்டு, மரப்பலகையில் போட்ட பின்திண்ணை, அதன் அடிப்பக்கம் வரை. "காட்டுக்குள் வீட்டைக் கட்டிவிட்டுச் சருகைப் பெருக்கினால் முடிகிற காரியமா?" என்று நான் சலித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீடுகளில் யாரும் பெருக்குவதில்லை; இலை உதிர்ந்தால் அழகு என்று விட்டுவிடுவார்கள், அல்லது வாரத்துக்கு ஒருமுறை இயந்திரத்தால் ஊதித் தள்ளுவார்கள். பெரியவர் நின்று அத்தை பெருக்குவதைப் பார்த்தார். திண்ணைக்கு அடியில் குனிந்து எட்டிப் பார்த்தார். ஒரு இலை இல்லை. "இந்தத் தெருவிலேயே இந்த அம்மாள் ஒருவருக்குத்தான் தன் வேலை என்னவென்று தெரிந்திருக்கிறது" என்றார். நான் தமிழில் சொன்னேன். அத்தை வெட்கப்படவில்லை. "பின்னே? பொறி வந்து உட்கார்ந்தால்?" என்றார்.

பொறி என்ற சொல்லை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று அன்று இரவு கேட்டேன். அத்தை கல்யாணமாகி வந்த தெருவில் அப்போது எல்லாமே கூரை வீடுகள். பங்குனி, சித்திரை மாதங்களில் ஏதாவது ஒரு வீட்டு அடுப்பிலிருந்து ஒரு பொறி கிளம்பும். பக்கத்து வீடு பற்றாது. காற்று தூக்கிக்கொண்டு போய் ஏழெட்டு வீடு தள்ளி ஒரு கூரையில் வைக்கும். எல்லோரும் எரிகிற வீட்டை அணைக்க ஓடினால் தெரு போய்விடும். அதனால் ஆண்கள் எரிகிற வீட்டுக்கு ஓடுவார்கள். பெண்கள் தத்தம் வீட்டுக் கூரை ஓரம் ஈரச் சாக்கோடு நிற்பார்கள். எங்கே புகைகிறதோ அங்கே சாக்கை அடிக்க வேண்டும். தீபாவளி இரவென்றால் முன்கூட்டியே கூரைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள்.

மறுநாள் பெரியவர் தன் கொட்டகையிலிருந்து ஒரு வாளியைக் கொண்டுவந்து காட்டினார். தீ வருகிற நாளில் தங்கிப் போராடுகிறவர் கையில் வைத்திருக்க வேண்டிய பொருட்களாம். துணித் துடைப்பம், கைத்தெளிப்பான், தடித்த கம்பளி, மடித்து வைத்த இரண்டு சணல் சாக்கு. அத்தை சாக்கை எடுத்து முகர்ந்து பார்த்தார். "ஏலக்காய்ச் சாக்கு இதைவிடக் கெட்டியாக இருக்கும்" என்றார். ஏலக்காய் தரம் பிரிக்கும் கூடத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அவருடைய தீர்ப்பை மறுக்க முடியாது.

அந்த வாளியைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கோ 36 மீட்டரில் நிற்கும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே காட்டுத்தீயில் போகும் வீடுகளில் மிகப் பெரும்பாலானவை தீச்சுவர் வந்து மோதிப் போவதில்லை. தீ வருவதற்கு முன்னும் போன பிறகும் மணிக்கணக்கில் பொழியும் பொறிகளில் ஒன்று, எங்காவது ஓர் இடுக்கில் அமர்ந்து, ஆள் இல்லாத நேரத்தில் மெதுவாக ஊதிப் பெருத்து வீட்டை எடுக்கிறது. அதனால்தான் தரவிதி காற்றுத் துளைகளுக்கும் ஜன்னல்களுக்கும் உலோக வலை போடச் சொல்கிறது. வலையின் கண் 2 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. ரவை சலிக்கும் சல்லடை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தேன். பொறியாக நான் இருந்தால் எங்கே உட்காருவேன் என்று யோசித்தபடி. வெட்கமாக இருந்தது. பின்சுவரை ஒட்டி நானே ஆசையாகப் பரப்பிய மரத்தூள், செடிக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று. குளிர்காலத்துக்கு அடுக்கிய விறகு, சுவரோடு சேர்த்து, மழை படாமல் மிக அழகாக. பிளாஸ்டிக் குப்பைத் தொட்டிகள் இரண்டு, சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே. கேஸ் சிலிண்டரின் அழுத்தம் வெளியேறும் வாய் வீட்டைப் பார்த்து இருந்தது. அதை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். கூரை ஓரத்தில் மழைநீர் வழியும் தகரத்தில் ஒரு முழம் சருகு. அதில் ஒரு செடியே முளைத்திருந்தது. கடைசியாக முன்வாசல். போன முறை ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த மிதியடி, 'நல்வரவு' என்று பச்சை எழுத்தில். அசல் தேங்காய் நார். காய்ந்து, உதிர்ந்து, மரக் கதவோடு ஒட்டிக் கிடந்தது. காட்டுக்குள் பெரியவர் காட்டிய பட்டையை நானே பணம் கொடுத்து வாங்கி, சுங்க அதிகாரிக்குப் பயந்து பயந்து கொண்டுவந்து, பொறிக்கு நல்வரவு சொல்லிப் போட்டிருக்கிறேன்.

மிதியடி இப்போது கார் ஷெட்டில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை.

மரங்களைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இங்கே மரம் வெட்ட அனுமதி வாங்குவது அவ்வளவு எளிதில்லை. ஆனால் எங்களுடையதுபோலப் பழைய வீடாக இருந்தால், வீட்டிலிருந்து 10 மீட்டருக்குள் மரம் உட்பட எதையும் அனுமதி இல்லாமலே அகற்றலாம். மரத்தை விட்டுவிட்டு மற்றச் செடிகொடிகளை 30 மீட்டர் வரை, சில பகுதிகளில் 50 மீட்டர் வரை அகற்றலாம். நாங்கள் ஒரே ஒரு மரத்தை எடுத்தோம், கூரைமேல் கிளை நீட்டியிருந்ததை. மற்றவற்றின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துப் புதரை எடுத்தோம். சருகு மட்டும் தினசரி வேலை. அதற்கு ஆள் இருக்கிறார்.

இவ்வளவும் ஒரு வீட்டின் கணக்கு. ஊரின் கணக்கு வேறு. அதை நான் கற்றுக்கொண்டது ஒரு பழைய மழலையர் பள்ளியின் முன்னால் நின்று.

1983 பிப்ரவரி 16. இங்கே 'சாம்பல் புதன்'. இரண்டு மாநிலங்களில் 75 பேர் இறந்த நாள். அன்று மாலை காக்கட்டூவில் தீ புகுந்தபோது வெளியேற வழியில்லாமல் சுமார் 300 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அந்த மழலையர் பள்ளிக்குள் அடைந்துகொண்டார்கள். ஊரில் 300க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. அந்தக் கட்டடம் எரியவில்லை. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். இப்போது அது தீயைப் பற்றிக் கற்றுத்தரும் மையம். அதே இரவு, இங்கிருந்து சிறிது தூரத்தில் அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில், 12 தீயணைப்புத் தொண்டர்கள் வண்டிகளோடு சிக்கி இறந்தார்கள். காரணம் காற்று திரும்பியது. வடக்குக் காற்றில் நெருப்பு ஒல்லியாக, நீளமாக ஓடும். திடீரென்று தென்மேற்குக் காற்று அடித்தால் அந்த நீளமான விலா முழுவதும் முகமாகிவிடும். பெரியவர் அன்று வேறொரு வண்டியில் இருந்தார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

என் அறிக்கையில் ஓரிடத்தில் 'தீ அபாயக் குறியீடு 100 என்று கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி இருக்கிறது. அது என்ன நூறு என்று தேடிப் பார்த்தேன். 1939 ஜனவரி 13 அன்று இந்த மாநிலத்தில் 71 பேரைக் கொன்ற பெருந்தீயின் வானிலையை நூறு என்று வைத்து அமைத்த அளவுகோல் அது. நம் கணக்கில் அன்று போகி. 2009இல் பல இடங்களில் அந்தக் குறியீடு நூறைத் தாண்டிப் போய்விட்டது. ஆகவே என் 19 என்பது, நூறு வரைக்குமான 19.

அதற்கு மேல் போகிற நாளில் என்ன செய்வது என்பதற்கு ஒரே பதில்தான் இருக்கிறது. அன்று இங்கே இருக்கக்கூடாது. 2022 செப்டம்பரிலிருந்து தீ அபாய அறிவிப்பு நான்கு படிகளில் வருகிறது: மிதம், அதிகம், தீவிரம், பேரழிவு. சாலை ஓரத்தில் அரைவட்டப் பலகையில் முள் காட்டும். தீயணைப்புக் கொட்டகையில் நடந்த ஊர்க்கூட்டத்துக்குப் போனபோது, எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டார்கள்: "எப்போது கிளம்புவீர்கள்?" பாதிப்பேர் "தீ வருவது தெரிந்ததும்" என்றார்கள். கேட்ட பெண் தொண்டர் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினார். வளைந்து நெளிந்து போகும் ஒற்றைச் சாலைகள், இரண்டு பக்கமும் மரம். ஒரு மரம் குறுக்கே விழுந்தால் போதும். புகையில் கார் விளக்கு பத்தடிகூடத் தெரியாது. நெருப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு என்றார்.

எங்கள் திட்டம் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. 'தீவிரம்' என்றால் காலை எட்டு மணிக்குள், 'பேரழிவு' என்றால் முந்தைய இரவே, டாண்டினாங் புறநகரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்கு. நெருப்பு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. வருடத்தில் சில நாட்கள் வீணாகத்தான் போகும். தங்கை சமைத்துப் போட்டுச் சலித்துக்கொள்வாள். பெரியவரை எங்கள் காரில் ஏற்றிக்கொள்வது என்று நாங்கள் முடிவு செய்தோம். வரமாட்டேன் என்று அவர் முடிவு செய்திருக்கிறார். அத்தை தினமும் அவருக்கு ரசம் கொடுத்தனுப்பி அவர் மனத்தைக் கரைத்துக்கொண்டிருக்கிறார். மிளகு கொஞ்சம் குறைத்துப் போட்டால் கரைவார் என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு ஒரு சண்டை வந்தது. தை முதல் நாள் இங்கே கோடையின் நடு. தீ அபாயக் காலத்தில் வெளியே விறகடுப்பு மூட்டிச் சமைக்கச் சில நிபந்தனைகளோடு அனுமதி உண்டு: காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வீசக்கூடாது, சுற்றிலும் 3 மீட்டர் வெட்டவெளி, கையருகே குறைந்தது 10 லிட்டர் தண்ணீர். அத்தை முற்றத்தைச் செதுக்கி, மூன்று கல் வைத்து, இரண்டு வாளித் தண்ணீரும் நிறைத்துத் தயாராக இருந்தார். முந்தைய நாள் மாலை முழுத் தீத்தடை அறிவித்துவிட்டார்கள். அப்படியென்றால் வெளியே விறகு, கரி எதையும் பற்றவைக்கக்கூடாது. "ஒரு பானைப் பொங்கலுக்கா சர்க்கார் வந்து பிடிக்கும்?" என்றார் அத்தை. என் கணவர் ஏதோ சட்டம் பேசினார். நான், "கூரை வீட்டுத் தெருவில், இந்த மாதிரிக் காற்றில், வாசலில் அடுப்பு மூட்டுவீர்களா அத்தை?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் மரங்களின் உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒன்றும் பேசாமல் மூன்று கல்லையும் எடுத்துச் சுவரோரம் வைத்தார்.

தங்கை வீட்டு மின்சார அடுப்பில் பொங்கல் பொங்கியது. பால் வழியவே இல்லை, தங்கை சூட்டைக் குறைத்துவிட்டாள். அதற்குத் தனியாக ஒரு சண்டை.

அத்தையின் வீட்டுக்கு அடுத்த வாரம் அடித்தளம் போடுகிறார்கள். இந்தச் சனிக்கிழமைக்குப் பெரியவரிடம் ஏணி இரவல் கேட்டிருக்கிறேன். வடக்குப் பக்கக் கூரைத் தகரத்தில் இன்னும் இரண்டு மீட்டர் சருகு பாக்கி இருக்கிறது.